துப்பாக்கிக் கட்டைக்குப் பதினான்கு மாதம்

பாய்,

நேற்று எங்கள் வாசல் கதவுக்குப் பாலிஷ் போட ஓர் ஆள் வந்தார். காலை எட்டு மணிக்கு டப்பாவைத் திறந்தார். ஸ்பிரிட்டும் அரக்கும் கலந்த அந்த நெடி கூடம் முழுக்கப் பரவியது. பத்து மணிக்கு முதல் கை, மதியத்துக்குள் இரண்டாவது கை. மூன்று மணிக்கெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதும்மா, தொட்டுப் பாருங்க" என்று நின்றார். தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. முகம் பார்க்கலாம் போல மின்னியது. டீ குடித்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. ஆறடிக் கதவுக்கு ஒரு பகல் போதுமாக இருக்கிறது. முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு துப்பாக்கிக் கட்டைக்கு நீங்கள் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு மனிதர் மேல் கோபம் இவ்வளவு புதிதாக இருக்க முடியும் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது தீருகிறதா பார்க்கலாம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்தை நீங்கள் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம், காப்புக்காட்டை ஒட்டி எங்கள் நிலம். நாங்கள் நயினார் வீடு, சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் இரட்டைக் குழல் துப்பாக்கி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. மல்லாட்டைக் கடலை காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். அப்பா அந்திக்கு முன்னால் வரப்பில் நின்று ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் எந்தப் பன்றியின் மேலும் ஒரு ரவைகூட அவர் பட விட்டதில்லை. ஊரை விட்டுப் போன யாரோ ஒரு துரையிடமிருந்து அவர் வாங்கிய சீமைத் துப்பாக்கி அது. அவரை விட அதற்கு வயது அதிகம்.

அப்பா இறந்த பிறகு லைசன்ஸ் என் பெயருக்கு மாறியது. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து நான் திரும்பி வந்து, அம்மாவோடு இருந்து பயிர் வைத்துக்கொண்டிருந்த காலம். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வருஷம் அடுத்தடுத்து இரண்டு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த இடத்தில் கோடை மழைக்குக் கூரை ஒழுகியிருக்கிறது. திரும்பக் கையில் கொடுத்தபோது குழல் நன்றாக இருந்தது, தோளில் வைக்கிற மரக்கட்டைதான் கெட்டுப்போயிருந்தது. பழைய பாலிஷ் உப்பி, செதில் செதிலாக உரிந்து, அடியில் கறுப்புக் கறுப்பாகக் கறை. கழுத்தில், விரல் பிடிக்கிற இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல்.

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு பாய் இருக்கிறார், துப்பாக்கி வேலை செய்கிற லைசன்ஸ் வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ஆடி மாதம் முதல் வாரம் வந்தேன். உங்கள் கடை ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவுதான் இருந்தது. சுவரில் கண்ணாடி போட்ட லைசன்ஸ். குறுக்கே கட்டிய கம்பியில் நாலைந்து கட்டைகள் தலைகீழாகத் தொங்கின. ஏணைக் கயிற்றில் தொங்கும் குழந்தைகள் மாதிரி ஒன்றொன்றையும் நீங்கள் போகும்போதும் வரும்போதும் தொட்டுவிட்டுப் போனீர்கள். என்னை விடப் பத்து வயது மூத்தவராக இருப்பீர்கள்.

"சும்மா பாலிஷ் போட்டு, அந்த விரிசலை மட்டும் பாத்துக் குடுங்க பாய். ஆவணி கடைசிக்குள்ள வேணும்" என்றேன்.

நீங்கள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள். "யாரும்மா சுடறது?"

"நான்தான்."

"கன்னத்துல அடிக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வெடிக்கும் என் தாடை நீலம் பாய்ந்துபோகும். தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு திரிவேன். அம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

"கட்டை உங்களுக்கு நீளம் ஜாஸ்தி. கழுத்தை எக்கிக்கினு சுடறீங்க. அதான் அடிக்குது. ஒன்றரை விரக்கடை கம்மி பண்ணிட்டா செரியாயிடும்."

"வெட்டறதா? அது எங்கப்பா வெச்சிருந்த கட்டை."

"அப்பா இப்ப சுடலியேம்மா. நீங்கதானே சுடறீங்க."

அந்தப் பேச்சுக்கு நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊருக்குள் வேறு ஆள் இல்லை. "வெட்டக் கூடாது. பாலிஷ் மட்டும்" என்றேன். நீங்கள் தோளைக் குலுக்கிவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, இரும்பை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டினீர்கள். மரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள். "அக்ரோட்டு மரம்மா. நம்மூர்ல வளராது. நல்லா வரும். ஆவணில வாங்க" என்றீர்கள்.

ஆவணியில் வந்தேன். உடைந்த கண்ணாடிச் சில்லால் பழைய பாலிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். உப்புத்தாள் போட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடுமே என்றேன். மரமும் சேர்ந்து போய்விடும் என்றீர்கள். புரட்டாசியில் வந்தேன். கட்டையில் விழுந்திருந்த பள்ளங்களின் மேல் ஈரத் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆவி பட்டு மரம் மெல்ல மேலே எழும்பி வந்ததை என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதிசயம் பார்க்க வரவில்லை. அந்த வாரம் பன்றி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஐப்பசியில் எண்ணெய் தடவ ஆரம்பித்திருந்தீர்கள். ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, மரம் சூடாகிற வரை தேய்ப்பது. பிறகு கம்பியில் மாட்டுவது.

"எப்ப பாய் முடியும்?"

"காயணும்மா. மழையில காய மாட்டேங்குது."

கார்த்திகையில் வந்தேன். தீபத்துக்கு ஊரே நிறைந்து கிடந்தது. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் இடிபட்டு நடந்து வந்தால், நீங்கள் கடையின் பலகையைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னா பாய், இன்னிக்கும் இல்லையா?"

"இவ்ளோ ஜனம் நடந்தா எவ்ளோ தூசி பறக்கும், பாருங்க. எண்ணெய் மேல ஒட்டிக்கும். தூசி அடங்கட்டும்மா."

மார்கழியில் பனி ஆகாது என்றீர்கள். மாசியில் வேறு ஏதோ ஒரு காரணம். சித்திரையில் வெயிலுக்கு எண்ணெய் மேலாகக் காய்ந்து உள்ளே காயாது என்றீர்கள். மழை, தூசி, பனி, வெயில் நான்கும் இல்லாத ஒரு பருவம் திருவண்ணாமலையில் எப்போது வரும் என்று கேட்டேன். நீங்கள் நிஜமாகவே யோசித்துவிட்டு, "பங்குனில ஒரு பத்து நாள் இருந்துச்சு. அப்ப ரெண்டு கை போட்டுட்டேன்" என்றீர்கள். உங்களிடம் கோபப்படுவதில் உள்ள கஷ்டமே அதுதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவீர்கள்.

இதற்கு நடுவில் என் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். அந்த வருஷம் நானும் அம்மாவும் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடந்தோம். பன்றிகளுக்கு இரண்டு நாளில் தகரம் பழகிவிட்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மேலண்டைக் கழனி முழுக்க உழுது போட்டது போலக் கிடந்தது. கொடி எல்லாம் வேரோடு புரண்டு, பிஞ்சுக் காய் ஓடு ஓடாக இறைந்து கிடந்தது. முக்கால்வாசி விளைச்சல் போச்சு. சித்தப்பா வரப்பில் நின்று, "பொம்பள பயிர் வெச்சா இப்படித்தான். நிலத்த எங்கிட்ட வுட்டுட்டு நீ எதுனா ஸ்கூல் வேலைக்குப் போ" என்றார். அவர் சொன்னதைவிட, அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதுதான் வலித்தது. பதில் உங்கள் கடையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வைகாசியில் நான் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேச்சே கொடுக்காமல் கடைக்குள் ஏறி, கம்பியிலிருந்து என் கட்டையை நானே எடுத்துக்கொண்டேன்.

"கை வெக்காதீங்கம்மா, ஈரம் இருக்குது."

"இருக்கட்டும். இரும்பு உங்ககிட்டயே இருக்கட்டும். இது வெறும் மரம். இதுக்கு லைசன்ஸ் வேணாம்."

தெருவிலேயே சத்தம் போட்டுவிட்டுத்தான் போனேன். சைக்கிள் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த தெருவில் முருகேசன் என்று ஒரு பாலிஷ்காரர், கட்டில் நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய் வேலையா? அடி வேலையெல்லாம் சுத்தமா முடிச்சிருக்காரே. இதுல நான் அரக்கு போட்டா ஒரு நாள் வேலைம்மா. சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றார். ஒரு நாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சைத் துணியில் பொதிந்து அரக்குக் கிண்ணத்தில் தோய்த்து, கட்டையின் மேல் கொண்டுபோகிற நேரம், நீங்கள் வந்து நின்றீர்கள். காலில் செருப்பில்லை. மேலே பனியன் மட்டும்தான். ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

என்னைக் கடந்து உள்ளே ஏறினீர்கள். முருகேசனின் தோளைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனீர்கள். இரண்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்த முருகேசன், பஞ்சைக் கிண்ணத்தில் பிழிந்துவிட்டு, கட்டையைத் துணியால் துடைத்து உங்கள் கையில் கொடுத்தார்.

"எனக்கு இந்த வேலை வேணாம்மா. பாய்கிட்டயே இருக்கட்டும்."

"அவரு இன்னா சொன்னாரு உங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

உங்களைக் கேட்டேன். "காயணும்மா, அவ்ளோதான்" என்றீர்கள். இரண்டு தொழில்காரர்கள் சேர்ந்துகொண்டு ஒரு பெண்பிள்ளையை அலைக்கழிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அதை அப்படியே சொல்லவும் செய்தேன். நீங்கள் கட்டையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனீர்கள். அந்த நடையைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுபடியும் ஆடி வந்தது. மறுபடியும் மல்லாட்டை விதைத்தோம். ஆவணியில் ஒரு நாள் மதியத்திலிருந்து உங்கள் கடையில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு நோன்பு மாதம். உதடு காய்ந்து வெளுத்திருந்தது, குரல் உள்ளே போயிருந்தது. எங்கள் ஊர் பஸ் வழியில் எங்கோ நின்றுவிட்டது, அடுத்தது ஆறரைக்குத்தான் என்று சொன்னார்கள். அதில் ஏறினால் வீடு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரி பட்டினிதான் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தீர்கள். எழுந்து வெளியே போனீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழமும், சீவின இளநீர் ஒன்றும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தீர்கள்.

"சாப்பிடுங்கம்மா. பொழுது சாய இன்னும் அரை மணிதான் இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க அத்தை வூடு உங்க ஊரு பக்கம்தான். பக்கத்து வூடு நயினாருங்க. சின்ன வயசுல அங்கதான் கெடப்பேன். அந்தியில அவங்க எல்லாம் ஓடி ஓடி சாப்பிடுவாங்க."

"நீங்க நோன்பு. உங்க எதிர்ல உக்காந்து நான் எப்பிடிச் சாப்பிடறது?"

"எனக்குப் பொழுது சாயணும். உங்களுக்கு சாயக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே சூரியனைப் பாத்துக்கினு உக்காந்திருக்கோம்" என்றீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாம் இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு வருஷத்துக்கும் மேலான சண்டையில் அது ஒன்றுதான் மிச்சம்.

பழத்தைத் தின்றுவிட்டு, ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, "அந்தக் கட்டைய வெட்டிடுங்க பாய்" என்றேன்.

நீங்கள் உடனே ரம்பத்தை எடுக்கவில்லை. மூன்று தடவை கேட்டீர்கள். "நெசமா சொல்றீங்களா? வெட்டினா ஒட்ட முடியாது. வூட்ல அம்மாவைக் கேட்டுட்டு வாங்களேன். அவசரம் இல்ல." அவசரம் இல்லை என்று உங்களைத் தவிர யாரும் சொல்ல மாட்டார்கள். நான் என் முழங்கையை மடக்கிக் காட்டினேன். ஒரு நூலால் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அளந்து, பென்சிலால் கோடு போட்டு, கட்டையின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னீர்கள். ரம்பம் இறங்கியபோது என் கைகளுக்குள் மரம் நடுங்கியது. உள்ளே புது மரம் போல வெளுப்பாக இருந்தது. துண்டு விழுந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களும் வேறெங்கோ பார்த்தீர்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் சத்தம் கேட்டது. நீங்கள் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, வெட்டின துண்டைத் தினத்தந்தித் தாளில் பொதிந்து, "அப்பாவோடது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்தீர்கள்.

அம்மா அதை இரண்டு நாள் சாமி மாடத்தில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கட்டில் ஆடுகிறது என்று காலுக்கு அடியில் செருகிவிட்டாள்.

புரட்டாசியில் துப்பாக்கியைக் கையில் கொடுத்தீர்கள். பதினான்காவது மாதம். நான் எதிர்பார்த்திருந்தது கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. அது மினுங்கவே இல்லை. ஈர மண் மாதிரி, மழை நனைத்த புளியங்கொட்டை மாதிரி, அடங்கின ஒரு நிறம். விரிசல் இருந்த இடத்தில் உள்ளே எங்கோ ஒரு பித்தளை ஆணி இறக்கி மூடியிருந்தீர்கள், தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது.

"இதுக்கா பாய் பதினாலு மாசம்? மினுமினுப்பே இல்லியே."

"கன்னம் வெச்சுப் பாருங்கம்மா" என்றீர்கள்.

வைத்துப் பார்த்தேன். மரம் என்று தோன்றவில்லை. வேறு என்ன என்று சொல்லவும் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு உள்ளங்கையால் தேய்க்கச் சொன்னீர்கள். வேறு எதையும் பூச வேண்டாம் என்று அதை மட்டும் இரண்டு தரம் சொன்னீர்கள். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை.

அன்று அந்திக்கு முன்னால் வரப்பில் நின்று ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டேன். முதல் தடவையாகத் தாடையில் அடி விழவில்லை. அந்த வருஷம் மல்லாட்டை முழுசாக வீட்டுக்கு வந்தது. சித்தப்பா களத்து மேட்டில் வந்து நின்று மூட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனார். நிலத்தைப் பற்றிய பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

அதற்காகவாவது உங்கள் மேல் என் கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை. திருவண்ணாமலை வரும்போதெல்லாம் ஒரு பை வறுத்த மல்லாட்டையைக் கொண்டுவந்து கொடுப்பேன், கொடுக்கும்போதே "முந்தின வருஷம் இருந்தா இன்னும் ஒரு பை குடுத்திருப்பேன்" என்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டை உடைப்பீர்கள். சொல்வதற்கு உங்களுக்கு எத்தனை சந்தர்ப்பம் இருந்தது, பாருங்கள். நாலைந்து வருஷம் இருந்தது. ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வந்தேன், பலகை முழுக்கச் சாத்தியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் சொன்னார், மார்பு வலி, இரண்டு வாரம் ஆகிறது என்று. உங்கள் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. கையில் மல்லாட்டைப் பையோடு தெருவில் நின்றேன். கால் தானாக முருகேசன் கடைக்குப் போயிற்று. அவர்தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு பாய் இன்னா சொன்னாருன்னு கேட்டீங்களேம்மா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வார்த்தை வாங்கிக்கினாரு. இப்ப அவரே இல்ல. சொல்லிடறேன்."

அவர் சொன்னதை அவர் வாய்ப்பேச்சிலேயே எழுதுகிறேன்.

"'முருகேசா, அவங்க நயினார் வூடு. எறும்ப மிதிக்க மாட்டாங்க. அரக்கு எதுலருந்து வருது? கெளையில கெடக்கற பூச்சிய ஆயிரக்கணக்குல சாவடிச்சு சுரண்டி எடுக்கறது. அந்தம்மா கன்னத்தை வெச்சு சாயற கட்டை இது. இதுல அதைப் பூசாத. அதான் நான் வெறும் எண்ணெயில ஓட்டிக்கினு இருக்கேன். நாளு ஆவும்தான். ஆவட்டும்'னாரு. நான் சொன்னேன், 'இதை அவங்ககிட்டயே சொல்லிட வேண்டியதுதானே பாய், எதுக்குத் திட்டு வாங்கறே'ன்னேன். அதுக்கு, 'சொன்னா பழைய பாலிஷ் இன்னாதுன்னு கேப்பாங்க. அதுவும் அரக்குதான், நான்தானே சுரண்டினேன். அவங்க அப்பா முப்பது வருஷம் அதுல கன்னம் வெச்சிருக்காரு. அந்த மனுஷனுக்குத் தெரியாமலே போயிடுச்சு. செத்தவரு. இப்போ போயி பொண்ணுகிட்ட அதைச் சொல்லணுமா'ன்னாரு."

முருகேசன் அப்புறமும் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மல்லாட்டைப் பையை அவரிடமே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும் வரை அழுதேன். தெருவில் நின்று உங்களிடம் போட்ட சத்தம் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்கப்பாவுக்கா தெரியாது? வருஷா வருஷம் ஆடியில அவரேதான் அரக்கு வாங்கியாந்து, ஸ்பிரிட்ல ஊற வெச்சு, அந்தக் கட்டைக்குப் பூசுவாரு. நீ அப்ப ஹாஸ்டல்ல படிச்சுக்கினு இருந்தே. நான்கூடக் கேட்டேன், பூச்சியாச்சே, இது ஆவுமான்னு. 'ஏர் பூட்டற கைடி இது. மண்ணுக்குள்ள எத்தினி செத்துதோ. இதுக்கு மட்டும் கைய கழுவிக்கிட்டா செரியாப் போயிடுமா'ன்னாரு."

அம்மா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, சிரிப்பு நின்றதும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், அந்த பாய்" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாய். இன்றைக்கும் வரவில்லை. என் அப்பாவுக்குத் தெரிந்தே இருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மாவே சொல்லியிருப்பாள். நீங்கள் கேட்காமலே முடிவு செய்துகொண்டு, பதினான்கு மாதம் உள்ளங்கை தேயத் தேய்த்தீர்கள். ஒரு வெள்ளாமை போயிற்று. சித்தப்பாவிடம் நான் தலை குனிந்தேன். நீங்கள் நடுத்தெருவில் என்னிடம் பேச்சு வாங்கினீர்கள். கட்டையை வெட்டுவதற்கு என்னை மூன்று தடவை கேட்ட மனிதர், இதை மட்டும் ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை? எனக்கு வலிக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். வலித்தால் தாங்குவேனா மாட்டேனா என்று என்னிடம் விட்டிருக்கலாம். உங்கள் மேல் கோபப்பட்டால் நன்றிகெட்டவளாகிறேன். நன்றி சொல்லலாம் என்றால், அந்த உழுது போட்ட கழனி கண் முன்னால் வருகிறது. இரண்டில் ஒன்றாக என்னால் இதுவரை இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நிலத்தைச் சுற்றி முள்கம்பி போட்டோம். அம்மாவும் போய்விட்டாள். எனக்குத் தோள்பட்டை வலி வந்து துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. வேலூரில் துப்பாக்கி வாங்கி விற்கிற கடை ஒன்றில், எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக்கொடுத்து, அதை ஒப்படைத்தேன். கடைக்காரர் வயதானவர். குழலை உள்ளும் வெளியும் பார்த்தார், விசையைச் சொடுக்கிப் பார்த்தார், எதற்கும் முகம் மாறவில்லை. கட்டையைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இதுல அரக்கே இல்லியேம்மா. வெறும் எண்ணெயிலயே ஏத்தியிருக்குது. யாருக்கும்மா இவ்ளோ பொறுமை?"

"எனக்குத்தான்" என்றேன்.

அவர் நான்தான் தேய்த்தேன் என்று நினைத்துக்கொண்டார். "அப்பிடியா" என்று மரியாதையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் திருத்தவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

துப்பாக்கி போய்விட்டது. லைசன்ஸ் போய்விட்டது. இப்போதெல்லாம் யாருக்காவது ஒரு நல்லது செய்யலாம் என்று நினைத்தால், முதலில் அவர்களிடம் போய்க் கேட்டுவிடுகிறேன். இது உங்களுக்கு வேணுமா, இதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று. கேட்டுக் கேட்டே கழுத்தை அறுக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அப்படி யாரிடமாவது கேட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம், உங்களிடம் சொல்ல முடியாமல் போன ஒரு வரி வாய் வரைக்கும் வருகிறது. திட்டாக ஆரம்பிக்கும். முடிவதற்குள் வேறு ஏதோ ஆகிவிடும். நாற்பது வருஷமாக அதை இறக்கி வைக்க இடமில்லாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாய்.